றேடியோ விக்கிறதுக்கில்லை

அதைத் தொடாதேங்கோ தம்பி. கோவிக்காதேங்கோ, அந்த றேடியோ விக்கிறதுக்கில்லை. மற்றதெல்லாம் எடுக்கலாம். கட்டில், மெத்தை, குசினிச் சாமான், பிட்டுக்குழல்கூட இருக்கு, உங்கட மனிசிக்கு வேணுமெண்டால் எடுக்கட்டும். அவ ஏன் காருக்குள்ளயே இருக்கிறா? குளிரோ? ஒக்ரோபர்தானே, இதுக்கே இப்பிடியெண்டால் எப்பிடி. சரி, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருக்கட்டும். நீங்கள் உள்ளுக்க வாங்கோ. சப்பாத்தைக் கழட்டத் தேவையில்லை.

ஊரில எவடம் நீங்கள்? கரவெட்டியோ! என்ர மனிசி நெல்லியடி. அப்ப கிண்டிப் பாத்தால் ஒரு சொந்தம் வரும். எங்கட சனத்துக்குள்ள கிண்டினால் சொந்தம் வராத ஆள் ஆர். என்ர பேர் குணநாயகம். இருபத்தெட்டு வருசம் ஸ்காபரோவில ஒரு பேக்கரியில வேலை செய்தனான். காஸ் போறணைக்கு முன்னால நிண்டு நிண்டே இந்தத் தலைமயிர் போனது. அதால காஸைப் பற்றி எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்த ஆள் நான்.

ஒண்டு கேக்கிறன். இந்த வீட்டுவண்டியைக் கோடைக்கு மட்டுமோ வாங்கிறியள், இல்லாட்டிப் பனிக்காலத்திலயும் இதுக்குள்ளதான் இருக்கப்போறியளோ? ரெண்டு பேருமோ? ம்.

அப்ப இருங்கோ. அந்தக் கதிரையில இருங்கோ. போன கிழமை ஒரு வெள்ளைக்காரப் பெடியன் வந்தவன், கோடைக்கு மட்டும் எண்டான். அவனுக்கு எஞ்சினைக் காட்டினன், ரயரைக் காட்டினன், அவ்வளவுதான். வாறன் எண்டு போனவன், வரேல்லை. நீங்கள் பனிக்காலம் எண்டபடியால் கொஞ்சம் கூடக் கதைக்கோணும். இந்த மாத முடிவுக்குள்ள இந்த இடத்தை விட்டுக் குடுக்கோணும், அதுக்காக விக்கிறதுதான். அதுக்காக ஒண்டையும் மறைச்சு விக்கேலாது.

இதுக்குப் புரொப்பேன்தான் உயிர். அடுப்பு அதில, சுடுதண்ணி அதில, உந்த அலுமாரிக்குக் கீழ ஒரு சின்ன ஹீற்றர் இருக்கு பாருங்கோ, அதுவும் அதில. வண்டியோட சேந்த தாங்கி ஒண்டு இருக்கு. அது காணாது. தை மாசக் குளிருக்கு அது எந்த மூலைக்கு. நான் வெளியில ரெண்டு பெரிய சிலிண்டர் வச்சு, குழாய் கொழுவி விட்டனான். சரியான குளிருக்கு ஒரு சிலிண்டர் நாலு நாள், ஆகலும் மிஞ்சினால் அஞ்சு நாள். உள்ளுக்க எவ்வளவு கிடக்கெண்டு எப்பிடிப் பாக்கிறது? ஒரு கேத்தில் சுடுதண்ணியை சிலிண்டரின்ர பக்கத்தால ஊத்திப்போட்டுக் கையால தடவுங்கோ. மேல சூடாயிருக்கும், ஒரு இடத்தில டக்கெண்டு குளிரும். குளிருற இடத்திலயிருந்து கீழதான் காஸ். பின்னேரத்தில பின்னேரத்தில நான் அப்பிடித் தடவித் தடவிப் பாப்பன். மனிசி யன்னலால பாத்துச் சிரிப்பா. "மாட்டுக்குச் சினை பாக்கிற மாதிரியெல்லே தடவுறியள்" எண்டுவா. அவவுக்கு வாய்.

மங்கையற்கரசி. அதுதான் அவவின்ர முழுப்பேர். நான் மங்கை எண்டுதான் கூப்பிடுறனான்.

போன வருசம் மாசியிலதான் அவவின்ர உயிர் போனது. இதுக்குள்ளதான். இல்லை இல்லை, எழும்பாதேங்கோ, இருங்கோ. நீங்கள் இதைக் கேட்டிட்டு வாங்கினால் வாங்குங்கோ, விட்டால் விடுங்கோ. கேக்காமல் மட்டும் வாங்காதேங்கோ.

நாங்கள் விருப்பத்துக்கு வந்து இதுக்குள்ள குடியிருந்தனாங்கள் இல்லை. எங்களுக்கு ஒரே ஒரு பிள்ளை, துஷ்யந்தி. அவளைப் பிரதாபன் எண்டொருத்தருக்குக் கட்டிக் குடுத்தம். நல்ல உத்தியோகம், பெரிய வீடு. நான் வேலையை விட்ட பிறகு எங்களையும் வரச்சொல்லிப் போட்டினம். பேஸ்மென்ற் எங்களுக்கு. பேத்திப்பிள்ளையைப் பாக்கிறது, சமைக்கிறது, மங்கைக்குச் சந்தோசம்தான். எனக்கு அந்தக் கீழறை குளிர். மேல அவையள் இருபதில வைக்கினம், அது கீழ பதினாறு போலதான் இருக்கும். நான் என்ன செய்வன், அவையள் வேலைக்குப் போன பிறகு மேல ஏறிப்போய் அந்தச் சூட்டைக் கூட்டுற பெட்டியை இருபத்துநாலில விட்டிட்டு வருவன். மருமகன் பின்னேரம் வந்து குறைப்பான். நான் விடிய ஏத்துவன். ஒரு மாசம் இந்த விளையாட்டு. வாய் திறந்து ஆரும் ஒண்டும் கதைக்கேல்லை.

ஒரு நாள் போய்ப் பாக்கிறன், அந்தப் பெட்டிக்கு மேல ஒரு கண்ணாடி மூடி. அதுக்கு ஒரு பூட்டு. சின்னப் பூட்டு, விளையாட்டுச் சாமான் மாதிரி. என்ர மருமகன் எனக்குப் பூட்டுப் போட்டிருக்கிறான், தம்பி. அறுபத்தாறு வயசில, ஒருத்தற்ற கையையும் பாராமல் உழைச்ச மனிசனுக்கு.

நான் கத்தேல்லை, சண்டை பிடிக்கேல்லை. அடுத்த கிழமையே இந்த வண்டியை வாங்கினன். பழசுதான், ஆனால் என்ர. இஞ்ச பீற்றர்பரோவுக்கு வடக்க, வருசம் முழுக்க ஆக்கள் வண்டிக்குள்ள இருக்கக்கூடிய பார்க் எண்டு கேள்விப்பட்டு இந்த இடத்தைப் பிடிச்சன். மங்கை அழுதா. "அவன் ஏதோ தெரியாமச் செய்திட்டான், பிள்ளையை விட்டிட்டுப் போறதே" எண்டா. நான் சொன்னன், மருமகன் இஞ்ச நேர வந்து, மாமா வாங்கோ எண்டு வாயால கூப்பிடட்டும், அண்டைக்கு வாறம். மகள் போனில கூப்பிட்டால் போறதோ? பொம்பிளை குடுத்த இடம். அப்பிடிப் போய் நிண்டால் நாலு சனம் என்ன கதைக்கும்? கரவெட்டி ஆள் நீங்கள், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவன் வரேல்லை. ஐப்பசி போச்சு, கார்த்திகை போச்சு. மகள் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வருவாள், அழுவாள், போவாள். அவனுக்கும் ரோசம். நான் கேட்டதெல்லாம் ஒரே ஒரு வசனம்.

மார்கழியில பனி கொட்டத் தொடங்கிச்சுது. நான் இந்த வண்டிக்கு என்ன செய்யேல்லை எண்டு கேளுங்கோ. யன்னலுக்கெல்லாம் பிளாஸ்ரிக் ஒட்டினன். வண்டிக்குக் கீழால காத்துப் போகாமல் சுத்தவர ரெஜிபோம் பலகை வச்சு, அதுக்கு மேல மழைக்குப் போடுற நீலப் படங்கு கட்டினன். அந்தப் பக்கச் சுவரில ஹீற்றரின்ர புகை போற ஓட்டை இருக்கு, அந்த இடத்தில மட்டும் படங்கை வெட்டி விட்டனான். வட்டமா, வடிவா வெட்டினன். கூரையில ஒரு சின்னக் கதவு, காத்து வாறதுக்கு. அதுக்குள்ள தலகாணி ஒண்டை அடைச்சன்.

பக்கத்து வண்டியில ஒரு வெள்ளைக்காரக் கிழவன், வால்ற்றர் எண்டு பேர். பதினொரு பனிக்காலம் இஞ்ச இருந்தவன். அவன் வந்து சுத்திப் பாத்திட்டுச் சொன்னான், அந்தப் படங்கு ஓட்டைக்குக் கிட்ட நிக்குது, காத்தடிச்சால் மூடும், இன்னும் அகட்டி வெட்டு எண்டு. மேல் கதவையும் ஒரு விரலளவு திறந்து வை, நெருப்பு எரியிற இடத்தில காத்து வேணும் எண்டான். நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டி அனுப்பினன். இவங்களுக்கு எல்லாத்துக்கும் பயம். நான் இருபத்தெட்டு வருசம் போறணையோட நிண்டவன்.

இந்தப் புரொப்பேன் சூடு ஒரு மாதிரிச் சூடு, தம்பி. ஹீற்றர் ஊதேக்க சுடும், நிண்ட உடன குளிரும். மங்கை குளிர் தாங்க மாட்டா. ரெண்டு ஸ்வெற்றர், ஒரு தொப்பி, அதுக்கு மேல என்ர ஜக்கற். எழும்பி எழும்பிப் போய்ச் சூட்டைக் கூட்டுவா. நான் குறைப்பன். இப்பிடிக் கூட்டினால் சிலிண்டர் ரெண்டு நாளும் வராது, பனிச் சினோவுக்குள்ள இழுத்துக்கொண்டு போய் நிரப்பிறது ஆர்? கடைசியில, பேத்தி விட்டிட்டுப் போன நகப்பூச்சை எடுத்து ஹீற்றரின்ர சூட்டுத் திருகில பதினேழில ஒரு சிவப்புக் கோடு கீறி விட்டன். அதைத் தாண்டக் கூடாது எண்டன். இஞ்ச பாருங்கோ, கோடு இன்னும் கிடக்கு.

"அவன் பூட்டுப் போட்டான், நீங்கள் கோடு போடுறியள்" எண்டா. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவ. நான் சொன்னன், பூட்டும் கோடும் ஒண்டோ? கோட்டைத் தாண்டலாம், பூட்டைத் திறக்கேலுமோ? அவ ஒரு நாளும் தாண்டேல்லை.

இனித்தான் சாம்பிராணிக் கதை.

இந்த வண்டியில ஒரு அலாரம் இருந்தது. அந்தா, அந்தச் சுவரில ரெண்டு ஆணி ஓட்டை தெரியுதெல்லே, அதில. புகை வந்தாலும் கத்தும், அந்த நஞ்சுக்காத்து, மணமில்லாத காத்து, அது வந்தாலும் கத்தும். மங்கை வெள்ளிக்கிழமை எண்டால் சாம்பிராணி காட்டுவா. படத்துக்குக் காட்டி, கட்டிலுக்குக் காட்டி, குசினிக்குக் காட்டி, ஊரில முழு வீட்டுக்கும் காட்டின மாதிரி இந்தப் பெட்டிக்குள்ளயும் காட்டுவா. காட்டத் தொடங்கி ஒரு நிமிசத்தில அது கத்தும். காது கிழியும். வால்ற்றர் ஓடி வருவான். ஒரு வெள்ளி, ரெண்டு வெள்ளி, மூண்டாம் வெள்ளி நான் பொறுமை இழந்திட்டன். கழட்டி, பற்றரியை எடுத்துப் போட்டு, அலாரத்தை ஒரு துணியில சுத்தி அலுமாரி லாச்சிக்குள்ள வச்சிட்டன். ரெண்டு பற்றரி, புதுசு.

அவ பயந்தா. "அது இருக்கட்டும், அதுக்கு ஏதோ வேலை இருக்கப்போய்த்தானே வச்சிருக்கிறாங்கள்" எண்டா. பிறகு ரெண்டு நாளால சொன்னா, "நான் சாம்பிராணியை விடுறன். நீங்கள் அதைத் திரும்பச் சுவரில பூட்டுங்கோ." அவ வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை விடுறதெண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியும். அவவின்ர தாய் செத்த கிழமைகூட விடேல்லை. விட்டிட்டா. நான் ஓம், பூட்டுறன் எண்டன்.

பூட்டுறன் எண்டுதான் சொன்னனான்.

அதுக்குப் பிறகுதான் தலையிடி தொடங்கினது. தை மாசம். விடிய எழும்பினால் தலையிடி, சத்தி வாற மாதிரி, நித்திரை முறியாத மாதிரி. ஒரு பனடோல், ஒரு இஞ்சித் தேத்தண்ணி. வெளியில கூட்டிக்கொண்டு போனால் அரை மணித்தியாலத்தில சுகம். கடைக்குப் போனால் நல்லாக் கதைப்பா, சிரிப்பா. மகளோட ஒரு நாள் அவையின்ர வீட்டில போய் நிண்டவ, தலையிடி எண்ட பேச்சே இல்லை. திரும்ப வந்து இந்தக் கதவைத் திறந்து உள்ளுக்க வந்தால், அடுத்த நாள் விடியத் தலையிடி.

நான் என்ன நினைச்சிருப்பன், சொல்லுங்கோ. மகளின்ர வீட்டில இல்லாத தலையிடி என்ர வீட்டில மட்டும் வருகுதெண்டால்? எனக்கு விசர்தான் வந்தது. "உனக்கு என்ர வண்டிதான் தலையிடி. அங்க போகோணும், அதுக்கு இந்த நடிப்பு" எண்டன். அப்பிடியே சொன்னனான். அவ வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. அதுக்குப் பிறகு தலையிடி எண்டு எனக்குச் சொல்லுறதில்லை. மகளுக்குப் போனில சொல்லியிருக்கிறா. நான் நித்திரை எண்டு நினைச்சுக்கொண்டு, மேல் கதவிலயிருந்து அந்தத் தலகாணியை இழுத்து எடுத்துப்போட்டு, அதுக்குக் கீழ முகத்தை அண்ணாந்து வச்சுக்கொண்டு நிப்பா. நான் எழும்பித் திரும்ப அடைப்பன். சூடு முழுக்கப் போகுதெல்லே.

எனக்கும் கொஞ்சம் இருந்ததுதான். ஆனால் நான் உள்ளுக்க இருக்கிற ஆளில்லை. சினோ வழிக்கிறது, சிலிண்டர் இழுக்கிறது, பார்க்காரருக்கு அந்த வேலை இந்த வேலை. படுக்கிறதும் முன்னால, ட்றைவர் சீற்றுக்கு மேல இருக்கிற தட்டில, அங்க கண்ணாடியால காத்து வரும். அவதான் பின்னால, சூடு கூட எண்டு, ஹீற்றருக்குப் பக்கத்தில. அந்த இடத்தை அவவுக்குக் குடுத்தது நான்தான். நல்ல இடம் எண்டு நினைச்சுக் குடுத்தது.

மாசியில ஒரு வியாழக்கிழமை. முதல் நாள் பூரா சினோ, விடியச் சுழிக் காத்து. பத்தரைக்கு நான் சிலிண்டரைத் தடவிப் பாக்கிறன், அடியில நாலு விரல்தான் குளிருது. மற்ற வெறும் சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வாறன் எண்டு வெளிக்கிட்டன். அவ கட்டிலில இருந்து, அந்த மேல் கதவைக் காட்டி, "எப்பன், ஒரு விரலளவு, திறந்து விட்டிட்டுப் போங்கோவன், மூச்சு முட்டுது" எண்டா. நான், "நாலு விரல் காஸ்தான் இருக்கு, திறந்து விட்டால் நான் வாறதுக்குள்ள விறைச்சுப் போவாய்" எண்டு தலகாணியை இன்னும் கொஞ்சம் இறுக்கி விட்டிட்டு இறங்கினன். புகை போற ஓட்டைப் பக்கம் போய்ப் பாக்கேல்லை. மற்றப் பக்கத்தாலதான் என்ர காருக்குப் போனன்.

ரவுணில காஸ் நிரப்பிற இடத்தில நல்ல சனம். முடிய பன்னிரண்டு ஆச்சு. பிறகு ஒரு உண்மையைச் சொல்லுறன். நான் உடன வரேல்லை. பக்கத்தில ஒரு கோப்பிக் கடை. ஒரு கோப்பியை வாங்கிக்கொண்டு அதுக்குள்ள இருந்தன், முக்கால் மணித்தியாலம். ஏன் தெரியுமோ? அங்க நல்ல சூடாயிருந்தது. ஜக்கற்றைக் கழட்டிப்போட்டு இருந்தன். மூண்டு மாசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் ஜக்கற் இல்லாமல் ஒரு இடத்தில இருந்தனான்.

திரும்பி வாறன், வண்டிக்கு முன்னால பிரதாபன்ர கார்.

கண்ட உடன எனக்கு என்ன வந்தது தெரியுமோ, தம்பி? சந்தோசம். வந்திட்டான். கூப்பிட வந்திட்டான். நான் வெண்டிட்டன். காருக்குள்ள இருந்தே யோசிக்கிறன், உடன ஓமெண்டு சொல்லக்கூடாது, ஒரு கிழமை விட்டுத்தான் போகோணும். அப்பிடி யோசிச்சுக்கொண்டு இறங்கி வாறன், அவன் அந்தா, அந்த மரத்தடியில, சினோவில முழங்காலில நிக்கிறான். மங்கை கீழ கிடக்கிறா. அவன் அவவின்ர நெஞ்சை அமத்தி அமத்தி எண்ணுறான். ஸ்வெற்றரோட வந்தவன், கையெல்லாம் சிவந்து போச்சு. வால்ற்றர் போனில கத்துறான். கதவு உடைஞ்சு கிடக்கு. அவன்தான் உடைச்சது. உள்ளுக்க போய்த் தூக்கிக்கொண்டு வந்ததும் அவன்தான்.

முகம் வெளிறேல்லை, தம்பி. நல்லாச் சிவந்து, சுகமா நித்திரை கொள்ளுற ஆள் மாதிரி. நான் அவனைத் தள்ளிப்போட்டு, "எழும்பு, மருமகன் கூப்பிட வந்திட்டார், எழும்பு" எண்டன். அதைத்தான் சொன்னனாம். வால்ற்றர் பிறகு சொன்னவன், நீ ஏதோ உங்கட பாசையில அவளோட சண்டை பிடிச்சாய் எண்டு.

படங்கு. காத்தில ஒரு கட்டு அறுந்து, அந்த ஓட்டைக்கு மேல மடிஞ்சு விழுந்து, அதுக்கு மேல சினோ அப்பிப் பிடிச்சிட்டுது. ஹீற்றரின்ர புகை வெளியில போக வழியில்லாமல் வண்டிக்குக் கீழ நிண்டு, அடித்தட்டுக்குள்ளால உள்ளுக்க வந்திருக்கு. அண்டைக்கு முழுக்க. அதுக்கு முந்தியும் நெடுகக் கொஞ்சம் கொஞ்சமா வந்துகொண்டுதான் இருந்திருக்கு. ஆஸ்பத்திரியில ஒரு டொக்ரர் பிள்ளை, எங்கட ஆள்தான், ஆறுதலாக் கேட்டாள்: "ஐயா, அம்மாவுக்கு உள்ளுக்க இருக்கேக்க தலையிடி வந்து, வெளியில போனால் சுகமாகிறதை நீங்கள் ஒருக்காலும் கவனிக்கேல்லையோ?"

கவனிச்சனான். வடிவாக் கவனிச்சனான். அதைத்தானே நடிப்பெண்டனான்.

அவன் அண்டைக்கு ஏன் வந்தவன் தெரியுமோ? மகள் பிறகு சொன்னது. முதல் நாள் தாயோட போனில கதைச்சவள், தாய் சொல்லுறது ஒண்டும் விளங்கேல்லை, நாக்கு இழுபட்டிருக்கு. அவளுக்கு வேலை விட்டு வரேலாமல், அவனைப் போய்க் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி விட்டவள். அவன்ர காருக்குள்ள, முன் சீற்றில, அந்தக் கண்ணாடி மூடியும் பூட்டும் கிடந்தது. கழட்டிக்கொண்டு வந்திருக்கிறான், எனக்குக் காட்ட.

ஒரு நாள் முந்தி வந்திருக்கலாம். கன நாள் நான் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். ஒரே ஒரு நாள் முந்தி வந்திருக்கலாமெல்லே எண்டு. கேட்ட சனமும் ஓமோம் எண்டுதுகள்.

இனி றேடியோ. கேளுங்கோ, முடிஞ்சுது.

மங்கைக்குத் தமிழ் றேடியோ கேக்காட்டி விடியாது. அதிலயும் மரண அறிவித்தல். ஆர் செத்தது, எந்த ஊர், ஆற்ற மச்சாள், அதைக் கேட்டால்தான் அவவுக்குத் தேத்தண்ணி இறங்கும். இஞ்ச காத்து ஒத்து வந்தால்தான் அது இழுக்கும். மார்கழி கடைசியில அந்த றேடியோவின்ர பற்றரி செத்துப்போச்சு. அவ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தா. சினோ, நான் எங்க போய்ப் பற்றரி வாங்கிறது? லாச்சிக்குள்ள ரெண்டு புதுப் பற்றரி சும்மாதானே கிடக்கு. போட்டு விட்டன். அது பாடிச்சுது. அவ சிரிச்சா. எங்கயிருந்து வந்ததெண்டு அவ கேக்கேல்லை, நான் சொல்லவும் இல்லை.

அதுக்குப் பிறகுதான் அவ சாம்பிராணியை விடுறன், அலாரத்தைப் பூட்டுங்கோ எண்டவ. நான் ஓம் எண்டன். பற்றரி றேடியோவுக்குள்ள. ரவுணுக்குப் போகேக்க வாங்குவம் எண்டு நினைச்சன். ஏழு தரம் ரவுணுக்குப் போயிருப்பன், தம்பி. காஸ் நிரப்ப ஏழு தரம் போனன்.

அண்டைக்கு நெருப்பணைக்கிற பகுதி ஆக்கள் வந்து உள்ளுக்க தேடிச்சினம். ஒருத்தன் லாச்சியைத் திறந்து, துணியை அவிட்டு, அலாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என்னட்டைக் கேட்டான், இதின்ர பற்றரி எங்க எண்டு. நான் வாசலில நிக்கிறன். எனக்கு முன்னால, அந்தத் தட்டில, உந்த றேடியோ கத்திக்கொண்டு கிடக்கு. நகைக்கடை விளம்பரம் போகுது. அவவைக் கொண்டுபோய் ஒரு மணித்தியாலம், அது ஒரு குறையும் இல்லாமல் பாடிக்கொண்டிருக்கு. நான், "செத்துப்போச்சு, வாங்கோணும் எண்டு எறிஞ்சிட்டன்" எண்டன்.

பிரதாபன் பக்கத்தில நிண்டவன். அவன் என்னைப் பாத்தான். பிறகு றேடியோவைப் பாத்தான். போய் அதை நிப்பாட்டினான். நிப்பாட்டி, என்ர கையில கொண்டுவந்து தந்தான். அந்த நெருப்பணைக்கிற ஆக்களுக்கும் சொல்லேல்லை, தன்ர மனிசிக்கும் சொல்லேல்லை. இண்டுவரைக்கும் சொல்லேல்லை.

மகள் என்னோட கதைக்கிறதில்லை. அந்தப் படங்காலயும், அந்த ரோசத்தாலயும், அம்மாவைக் கொண்டது நீங்கள்தான் எண்டு எட்டாம் நாள் செலவண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னவள். அவளுக்குப் பாதிதான் தெரியும். மீதி தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். பூட்டுப் போட்டவன் எண்டு நான் ஊரெல்லாம் கேவலமாக் கதைச்ச அந்த மருமகன்தான், எனக்காக வாயைப் பூட்டி வச்சிருக்கிறான். மாசத்தில ஒருக்கா, நான் இப்ப வாடகைக்கு இருக்கிற அறைக்கு வருவான். சாப்பாடு கொண்டுவந்து வச்சிட்டு, ஹீற்றர் வேலை செய்யுதோ எண்டு தொட்டுப் பாத்திட்டுப் போவான். நான் அவன்ர முகத்தைப் பாக்கிறதில்லை. பாக்கேலாது.

அந்தப் பற்றரி இன்னும் அதுக்குள்ளதான் கிடக்கு. அண்டைக்குப் பிறகு நான் அதைப் போடவும் இல்லை, கழட்டவும் இல்லை. போட்டால் பாடுமோ எண்டு பயம்.

இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நீங்கள் பனிக்காலத்தில இருக்கப்போறம் எண்டு சொன்னபடியால் சொன்னன். நான்தான் தம்பி. காத்துமில்லை, சினோவுமில்லை, அவனுமில்லை. நான்தான்.

இந்தாங்கோ, இந்தப் பெட்டி. புது அலாரம், நேற்று வாங்கினது, பிரிக்கேல்லை. இதுக்கு விலை இல்லை. நீங்கள் வண்டி வாங்கினாலும் சரி, வாங்காட்டிலும் சரி, கொண்டு போங்கோ. பற்றரி உள்ளுக்கயே இருக்கு. அது கத்தினால் கத்தட்டும். மனிசி சாம்பிராணி காட்டினால் யன்னலைத் திறந்து விடுங்கோ, அலாரத்தில மட்டும் கை வைக்காதேங்கோ. அவ தலையிடி எண்டால், தலையிடிதான்.

யோசிச்சுச் சொல்லுங்கோ, அவசரமில்லை. போய் அவவோடயும் கதையுங்கோ. பாவம், கன நேரமாக் கார் எஞ்சினைப் போட்டபடி கண்ணாடி பூட்டிக்கொண்டு இருக்கிறா. முதல்ல போய், கண்ணாடியை எப்பன் இறக்கி விடச்சொல்லுங்கோ, தம்பி.